காலி இடம்

ரேடியோ போட்ட மேப்பைப் பார்த்து வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

நகராட்சி ஊழியர்களுக்குக் கம்ப்யூட்டரில் மேப் போடச் சொல்லித்தரும் வகுப்பு அது. இன்று கடைசிப் பரீட்சை. குப்பை பிரிக்கும் கிடங்கை எங்கே கட்டினால் மிகக் குறைந்த பேருக்குத் தொல்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலில் வருபவருக்கு மேப் பிரிவின் பொறுப்பு.

எல்லோருக்கும் விடையைக் காட்டும் பச்சைப் புள்ளி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் விழுந்தது. வாய் ஓயாததால் ரேடியோ என்று பட்டப்பெயர் வாங்கிய வரிப் பிரிவு கிளார்க்குக்கு மட்டும் அவள் வீட்டுப் பின்சுவரை ஒட்டியே விழுந்தது.

"ஏம்மா, மாமியார் மேல அவ்வளவு கோபமா?" என்றார் கூடப் படிக்கும் ஓவர்சியர்.

"கோபமில்லண்ணே. விஷயம் தெரிஞ்சா முதல்ல என்னைத்தான் அங்க கொட்டுவாங்க."

பயிற்சியாளருக்குத்தான் மனசு கேட்கவில்லை. வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள். பொறுப்பு அவளுக்குத்தான் என்று நினைத்திருந்தார். கடைசியில் இப்படிக் கோட்டை விட்டுவிட்டாளே.

"எங்க தப்பு நடந்துச்சுன்னு பார்ப்போம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மேப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்த லேயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சாலை சரி. கிணறு சரி. வீடுகளும் சரி. அதற்குக் கீழே அவர் கொடுக்காத லேயர் ஒன்று இருந்தது. 'பாக்கி' என்று பெயர் வைத்திருந்தாள்.

அதை எடுத்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டார். பச்சைப் புள்ளி அவள் வீட்டை விட்டுக் கிளம்பி, தண்டவாளத்தைத் தாண்டிப் போய் உட்கார்ந்தது.

"பார்த்தீங்களாம்மா? இது இல்லன்னா உங்க விடையும் சரிதான். உங்க வீடும் தப்பிச்சிருக்கும்."

"தெரியும் சார். முதல்ல எனக்கும் அங்கதான் வந்துச்சு."

"அப்புறம் எதுக்கு இந்த லேயர்?"

கேட்டுக்கொண்டே அதைத் திரும்பப் போட்டார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சின்னச் சின்னக் கட்டங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. சேட்டிலைட் படத்தைப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கையால் வரைந்த வீடுகள்.

"நீங்க கொடுத்தது வரி கட்டுற வீடுங்க மட்டும்தான் சார். இவங்க பேர் எங்க ஆபீஸ்ல கிடையாது. அதான் மேப்ல காலி இடம்னு காட்டுது."

ஓவர்சியர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

"தினமும் பஸ்ல அந்த வழியாத்தான் வரேன்" என்றாள் ரேடியோ. "காலி இடத்துல எங்கயாவது துணி காயுமா சார்?"