மண்டிப் பூனையின் பத்தியம்

தோல் மண்டியின் தராசுத் தட்டில் பூனை உட்கார்ந்திருக்கிறது. ஓட்டு இடுக்கில் இறங்கும் வெயில் அதன் வயிற்றில் பாதிக்குத்தான் எட்டுகிறது. எலி பிடிக்க வைத்த பூனை, எலிகள் ஆட்டுத்தோலைக் கடித்து ஓட்டை போடுவதைப் படுத்தபடியே வேடிக்கை பார்க்கிறது. அதனால் பத்து நாளாய் வேளைக்கு ஒரே ஒரு கருவாட்டுத் தலை. இன்றைக்கும் இளைக்கவில்லை என்றால் நாடு கடத்தல்தான் என்று முதலாளி மக்பூல் சாயபு சொல்லியிருக்கிறார். பூனையை ஏற்றிப்போகக் கலவை ஊருக்குப் போகும் வண்டி வாசலில் நிற்கிறது, மாட்டுச் சலங்கை கேட்கிறது. எடை போடும் தானியேல் இன்னொரு கல்லை வைக்கிறான். "ஜாஸ்திதான் ஆயிருக்கு, சாயபு." பூனை பட்டினி கிடந்த குரலில் மெலிசாகக் கத்துகிறது. சாயபுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. திருட்டுத்தனமாகத் தீனி போடுவது யார் என்று நேராகக் கேட்டால் ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தோலுக்கு விலை பேசுவது போலவே கையைத் துண்டால் மூடி நீட்டுகிறார். "நேத்து எத்தினி வாட்டி போட்டீங்கன்னு வெரல்ல சொல்லுங்க. வெளிய தெரியாது." தானியேல் இரண்டு விரல் கொடுக்கிறான். தோல் உலர்த்தும் முனியம்மா ஒன்று. தரகர் கோவிந்தசாமி முழுக் கையையும் கொடுக்கிறார். சாயபு கூட்டுகிறார், பூனையின் வயிற்றைப் பார்க்கிறார், மறுபடி கூட்டுகிறார். "அப்பவும் இவ்ளோ ஒடம்பு வராதே. இன்னும் யாரு?" பூனை தட்டிலிருந்து தொப்பென்று குதித்து, மூன்று பேரையும் தாண்டி வந்து, துண்டுக்குள் தலையை விடுகிறது. நக்கும் சத்தம் கேட்கிறது. முனியம்மா தோலை உதறியபடி கேட்கிறாள்: "உங்க வெரலு எத்தினி, சாயபு?" துண்டு மட்டும் அசைகிறது. சாயபு கையை எடுக்கவில்லை. "வண்டிக்காரன் எதுக்கு நிக்கிறான்?" என்கிறார். "போகச் சொல்லு."