மீட்டரில் உள்ள பெயர்

"மாமா ஒரு ஒப்பம் வைச்சா முடியிற வேலை. மூணு மாசமா இழுத்தடிக்கிறார்" என்றான் றிஸ்கான்.

அவன் மனைவி றிப்னா ஓடர் கொப்பியைப் புரட்டினாள். தையல் கடையாக்கிய முன்னறையில் மூன்று மெசின்கள் பொலித்தீன் உறை கழற்றாமல் நின்றன. இரண்டை ஓடவிட்டு, துணி தேய்க்கும் அயனையும் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடும். நோன்புப் பெருநாளைக்கு நாற்பது உடுப்புக்கு ஓடர் எடுத்திருந்தாள். பெரிய கரண்ட் லைன் வராவிட்டால் அவ்வளவும் வேறு கடைக்குப் போய்விடும்.

பெரிய லைன் எடுக்க மீட்டர் அவள் பெயரில் இருக்கவேண்டும். வீட்டை அவளுடைய கலியாணத்தோடேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மீட்டர் மட்டும் உம்மாவின் பெயரில் நின்றுபோனது. உம்மா மௌத்தாகி, அடக்கம் செய்து இரண்டு வருடம். பெயரை மாற்றுவதென்றால் வாப்பா மீராசாஹிபு கடிதத்தில் ஒப்பம் வைக்கவேண்டும்.

"வைப்பம் மகள்" என்பார். மறுநாள் கண்ணாடியைக் காணவில்லை என்பார். அதற்கு மறுநாள் கை நடுங்குகிறது என்பார்.

"கரம்போட் அடிக்கக்குள்ள நடுங்கல்லையே" என்றான் றிஸ்கான். "வீடு கைய விட்டுப் போயிட்டு. மீட்டரையாவது பிடிச்சுக்கொண்டிரிக்கார்."

பாண்டிருப்பிலிருந்து எலக்ட்ரீசியன் கனகரெத்தினம் வந்தார். லைசன்ஸ் உள்ளவர். அவர் சோதித்து ஒப்பம் வைத்த அறிக்கை இல்லாமல் லைன் கிடைக்காது.

வீடு முழுக்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"வயரிங் நல்லா இரிக்கு தங்கச்சி. பேரை மாத்தி லைனைப் பெருப்பிச்சாப் போதும். ஒரு கிழமை வேலை. நாளைக்கு வந்து வாசல் கேற்றடி மீட்டரையும் பார்த்துட்டு ஒப்பம் வைக்கன்."

மறுநாள் காலை வாப்பா குளித்து, வெள்ளைச் சாரன் உடுத்து, அத்தரும் பூசிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன மாமா, ஆருக்குக் கலியாணம்?"

"ஒருத்தருக்கும் இல்ல மகன். கேற்றடியில கொஞ்சம் இரிக்கப் போறன்."

பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போனார்.

கனகரெத்தினம் கேற்றடியில் ஏணி வைத்து ஏறி அரை மணித்தியாலம் நின்றார். உள்ளே வந்தபோது முகம் வேறாக இருந்தது. பின்னால் வாப்பா, கையில் அந்த மாதத்துக் கரண்ட் பில்லோடு வந்து தன் அறைக்குள் போய்விட்டார்.

"தங்கச்சி, வீட்டு மீட்டரில நான் கை வைக்க மாட்டன். கடைக்கெண்டு புறிம்பா ஒரு மீட்டர் எடுங்க, உங்கட பேரில."

"நேற்று இது ஒண்டே போதுமெண்டீங்களே அண்ணன்?"

"நேற்று நான் வடிவாப் பார்க்கல்ல."

"மீட்டரில என்ன பழுது?"

"பழுது ஒண்டுமில்ல." டெஸ்டரைப் பையில் போட்டார். "புது மீட்டருக்குக் கடை தனியா இரிக்கணும். இந்த உள்கதவை அடைச்சு, றோட்டுப் பக்கம் வாசல் வையுங்க. மிச்ச வேலையெல்லாம் நான் நிண்டு செஞ்சு தாறன்."

றிஸ்கானுக்குப் பொறுக்கவில்லை.

"அதுக்குள்ள பெருநாள் வந்திரும். மாமாட ஒப்பம் கிடைச்சா ஒரு கிழமை வேலையெண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"அந்த ஒப்பத்த வாங்கினீங்கெண்டா என்ட ஒப்பம் இல்ல. வேற ஆளப் பாருங்க."

அவர் போன பிறகும் றிஸ்கான் அடங்கவில்லை. "லைசன்ஸ் இரிக்கெண்ட திமிர். ஒரு வேலைய ரெண்டாக்கிறார், பார்த்தியா? வீட்டுக்குள்ள ஒருத்தர் ஒப்பம் வைக்கார் இல்ல, வெளியால ஒருத்தர்."

வேறு ஆளைத் தேடினார்கள். நோன்பு காலம், லைசன்ஸ் உள்ள ஒருவரும் கைக்கு வரவில்லை. கடைசியில் அவர் சொன்னபடிதான் செய்யவேண்டி வந்தது. கதவை அடைத்தார்கள், வாசல் உடைத்தார்கள். கனகரெத்தினம் ஞாயிற்றுக்கிழமையும் வந்து வேலை செய்தார். என்றாலும் லைன் வந்தபோது பெருநாளைக்கு நாலு நாள்தான் இருந்தது. நாற்பதில் பதினைந்தைத் தைத்தாள். மிச்சம் சாய்ந்தமருதுக் கடைக்குப் போனது.

"உங்களாலதான் அண்ணன்" என்று அவர் முகத்துக்கு நேரேயே சொன்னாள்.

"ஓம் தங்கச்சி. கோவிக்காதீங்க" என்றார். ஏணியை மடக்கத் தொடங்கினார்.

பெருநாள் முடிந்து இரண்டாவது கிழமை. றிப்னா கடையில் தைத்துக்கொண்டிருந்தாள். மீட்டர் பார்ப்பவர் புது மீட்டரைப் பார்த்து, அவள் பெயரைப் படித்து, பில்லைக் கொடுத்துவிட்டு வீட்டுக் கேற்றுப் பக்கம் போனார்.

ஜன்னலால் அத்தர் வாசம் வந்தது. எட்டிப் பார்த்தாள். வெள்ளைச் சாரனோடு வாப்பா காலையிலிருந்தே அங்கே கதிரை போட்டு இருக்கிறார்.

கனகரெத்தினம் ஏணியில் நின்ற அன்றும் பில் வந்த நாள்தான்.

"றாஹிலா உம்மா, கரண்ட் பில்" என்று மீட்டர் பார்ப்பவர் பெயரைப் படித்துக் கூப்பிட்டார்.

றிப்னாவின் கால் மெசின் மிதியிலிருந்து எழும்பியது. இந்த வளவில் அந்தப் பெயரைக் கேட்டு எவ்வளவு நாள்? அவளுக்கு அது உம்மா. பிள்ளைகளுக்கு உம்மம்மா. பள்ளிவாசல் ஆட்களுக்கு மௌத்தான மர்ஹூமா. வாப்பா நாற்பது வருடமாக "இஞ்ச புள்ள" என்று கூப்பிட்டாரே தவிர, ஒரு நாளும் பெயர் சொன்னதில்லை.

மீட்டர் பார்ப்பவர் பில்லை நீட்டினார். வாப்பா உடனே வாங்கவில்லை.

"உள்ளுக்க இரிக்கா மகன்" என்றார். "அவவுக்குக் காது கொஞ்சம் மந்தம். இன்னொருக்காக் கூப்பிடுங்க."