கறுப்புத் திரை

மேசையின் தலைமாட்டில் மேனேஜர், எதிரே கணக்காளர், மூலையில் பழைய சர்வர் முன்னால் ஸ்டூலில் சிஸ்டம் பார்க்கும் பெண்.

“ஐகான் வர்ற லினக்ஸைப் போடுன்னேன். நீ ஐகானே இல்லாத டெபியன் லினக்ஸைப் போட்டுச் சர்வரைக் கொன்னுட்ட” என்றார் மேனேஜர்.

“கிழட்டு மெஷின் சார், ஐகானெல்லாம் தாங்காது. ஒரு நிமிஷம்…”

“திரை கறுப்பாக் கிடக்கு. இதுல பேச்சு வேறயா? உன் வேலைக்கும் இன்னியோட முழுக்கு.”

‘சர்வர் செத்துவிட்டது, காரணமானவரை நீக்கவும்’ என்று மேனேஜர் தன் கணினியில் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் தட்டினார். பிரிண்டர் தாளைத் துப்பியது. கையெழுத்திட்டு, உறையை ஒட்டி, வாசலில் வந்து நின்ற கூரியர்காரரிடம் நீட்டியபோது மேனேஜருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

கணக்காளர் தலையைச் சொறிந்தார். “காலையிலேர்ந்து பிரிண்டே வரலையே, இப்ப எப்படிம்மா?”

“இந்தச் சர்வர் வழியாத்தான் சார். அது கறுப்புத் திரையிலதான் ஓடும். எந்தச் சர்வர் வழியா வந்துச்சோ, அதோட பேரும் நேரமும் தாளோட அடியில விழும்.”

மேனேஜர் ஜன்னலுக்கு ஓடினார். கூரியர் வண்டி தெருமுனையைத் திரும்பியிருந்தது.