வளைவே இல்லாத முந்நூறு மைல்

தம்புசாமி தன் கிளாசைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

தைப்பூசம் கழிந்ததிலிருந்து இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அய்யாவு கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்வார். உடனே தம்புசாமி அலமாரியைத் திறந்து, நீலக் கோடு போட்ட கிளாஸ் ஒன்றை எடுப்பார். அதை வேறு யாரும் தொடக்கூடாது.

நீராவி இன்ஜின் ஓடிய காலத்தில் தம்புசாமி டிரைவர், அய்யாவு அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். இருவருக்கும் சேர்த்து ஒரே எனாமல் குவளை. அய்யாவு பாதி தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நீட்டுவார். மிச்சப் பாதி தம்புசாமிக்கு. வேலையை விட்டு ஓய்ந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. இப்போது திடீரென்று துரைக்குத் தனி கிளாஸ்.

மகள் ஆஸ்திரேலியாவில் நர்ஸ் அல்லவா, அந்தத் தலைக்கனம் என்று அய்யாவு நினைத்துக்கொண்டார். போதாததற்குத் தனக்கு இந்த இருமல் வேறு, ஆடி மாதத்திலிருந்து விட்டபாடில்லை.

மேற்கு ஆஸ்திரேலியா. மாநிலத்தில் பெரும்பகுதி பாலைவனம். மகள் இருப்பது கடற்கரையிலிருந்து ரொம்ப தூரம் உள்ளே, தங்கச் சுரங்க ஊர் ஒன்றில். கடைசிக் காலத்தை அங்கே போய்க் கழிக்கலாமா என்று போன வருஷம் முழுவதும் இருவரும் அந்த மாநிலத்தைப் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தார்கள்.

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய பழைய அட்லஸ் ஒன்று. மகளின் கடிதங்கள் ஒரு கட்டு. அங்கே வருஷத்துக்கே பத்து அங்குல மழைதானாம். கிள்ளானில் தீபாவளி மாதம் ஒன்றே அதைக் கொட்டித் தீர்த்துவிடும். துவைத்த வேட்டி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மண் சிவப்பு. ஈத்தொல்லை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. காய்ந்த காற்று, நெஞ்சுக்கு நல்லது.

எல்லாவற்றையும் விட அய்யாவுவை மயக்கியது அந்த ஊர் ரயில்தான். பாலைவனத்தில் முந்நூறு மைலுக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் தண்டவாளம் நேராகப் போகிறதாம். காட்டிலும் குன்றிலும் வளைந்து வளைந்தே காலத்தை ஓட்டியவருக்கு அது நம்பவே முடியாத சங்கதி. அட்லஸில் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து எத்தனை தடவை இழுத்துப் பார்த்திருப்பார் என்று கணக்கே இல்லை.

தம்புசாமியும் மனைவி வீரம்மாவும் முதலில் போவது. வீடு அமைந்ததும், பெண்டாட்டி போய் ஒண்டியாகக் கிடக்கும் அய்யாவுவைக் கூப்பிட்டுக்கொள்வது. சேர்ந்து அந்த ரயிலில் ஏறுவது. இதுதான் ஏற்பாடு. அய்யாவு வெயிலுக்கென்று ஒரு தொப்பிகூட வாங்கி ஆணியில் மாட்டியிருந்தார்.

விசாவுக்கு நெஞ்சை எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றதும் தம்புசாமிக்கு உதறல் கண்டது. முப்பது வயதில் காசநோய் வந்து ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அவர். அய்யாவுதான் தைரியம் சொல்லி கிளினிக்குக் கூடவே போனார்.

அதற்குப் பிறகு பாலைவனப் பேச்சே இல்லை. கேட்டால், "இன்னும் லெட்டர் வரல லா" என்று தம்புசாமி நழுவிவிடுவார். அய்யாவு இளைத்துப் போய், பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருப்பதையும் அவர் பார்த்தார். வயதானால் உடம்பு வற்றத்தான் செய்யும் என்று சிரித்தார்.

இன்று அந்தக் கிளாசில் தேத்தண்ணியை ஆற வைத்துவிட்டு, வடை வாங்கி வருவதாகச் சொல்லித் தம்புசாமி வெளியே போனார். அவர் தலை மறைந்ததும் வீரம்மா ஒரு பெரிய பழுப்பு உறையோடு வந்தார்.

"தம்பி, நான் காட்டுனேன்னு சொல்லிடாதீங்க. விசா கெடையாதாம். தைப்பூசத்துக்கு மறுநாளே லெட்டர் வந்திருச்சு. எக்ஸ்ரேல நெஞ்சுல புண்ணு தெரியுதாம், ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதியிருக்கான். இவரு காதுலயே வாங்க மாட்டேங்கிறாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

அய்யாவு உறையை வாங்கிக்கொண்டார்.

வீரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க மேல எவ்வளவு பாசம் பாருங்க. எனக்கு ஒட்டிக்குமேன்னு கவலை இல்ல, என் தட்டுலயே கை போட்டுச் சாப்பிடுறாரு. நீங்க வர்ற அன்னிக்கு மட்டும்தான் அந்தத் தனி கிளாஸ்."

அய்யாவு உறையிலிருந்து படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் தம்புசாமியின் பெயர். இடது பக்கம் மேலே, பஞ்சு ஒட்டியது போல ஒரு வெள்ளை.

அன்றைக்குக் கிளினிக்கில் தம்புசாமியின் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். தம்புசாமி பெஞ்சை விட்டு எழவில்லை. "நீ போய் நின்னுட்டு வாடா. கரி அள்ளுன நெஞ்சு, இரும்பு மாதிரி இருக்கும்" என்று காதோடு சொன்னார்.

சட்டையைக் கழற்றி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அந்தப் படத்துக்கு நின்றவர் அய்யாவு.

அடுத்த வாரம் தீபாவளி. லெட்டர் வந்து ஒன்பது மாதம். ஆள்மாறாட்டம் வெளியே வந்துவிடும் என்ற பயமாகவே இருக்கட்டும். அன்றைக்குக் காதோடு சொன்ன வாய், இன்னொரு தடவை காதோடு சொல்லியிருக்கக் கூடாதா, பாவி.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வடைப் பொட்டலத்தோடு உள்ளே வந்த தம்புசாமி, ஜன்னலோரம் படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

அய்யாவு படத்தை மேசையில் வைத்தார். நீலக் கோடு போட்ட கிளாசை எடுத்தார். அவசரமில்லாமல் பாதி குடித்தார்.

பிறகு அதை நீட்டினார்.

"இந்தாங்கண்ணே. உங்க பாதி."