பிராட்லி என்று மட்டும்

எங்கள் ஊரின் பெயர் பிராட்லி. எங்கள் குடும்பப் பெயரும் அதுதான். ஆண்டுக்கொரு முறை எங்கெங்கோ இருக்கும் பிராட்லிகள் எல்லாரும் தேவாலயக் கூடத்தில் சேர்ந்து சாப்பிடுவோம். இந்த ஜூனில் கனடாவிலிருந்து மேவிஸ் வந்திருந்தாள். எழுபது வயது. கொள்ளுத்தாத்தா பிறந்த வீட்டைப் பார்க்க ஆசைப்பட்டாள். மறுநாள் அவளுக்கு விமானம். வீடு எங்கே இருந்ததென்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும், வாங்கம்மா," என்றார் மூலையில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர். அவர் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையில் 'பிராட்லி' என்று மட்டும் இருந்தது.

"உங்க சொந்தப் பேரை எழுத மறந்துட்டீங்களே?" என்றேன்.

"எனக்கு இது ஒண்ணுதாங்க பேரு," என்று சிரித்தார்.

நாங்கள் மூவரும் காரில் போனோம். ஆடு மேயும் புல்வெளியில் அவர் ஓரிடத்தில் நின்று, "இதான் வாசப்படி. பாத்து, கொஞ்சம் உயரம்," என்றார். மேவிஸ் புல்லை விலக்கினாள். தேய்ந்த கற்படி தெரிந்தது. அதில் உட்கார்ந்து அழுதாள், பிறகு சிரித்தாள்.

"உங்களை எங்க இறக்கிவிடட்டும்?" என்று அவரிடம் கேட்டேன்.

"நான் எங்க போகப்போறேன்? நீங்க கிளம்புங்க," என்று மேவிஸின் கையைக் குலுக்கினார்.

காரில் மேவிஸ், அவர் குலுக்கிய கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கை முழுக்க ஈரமண் ஒட்டியிருந்தது. எங்கள் ஊரில் மூன்று வாரமாக மழையில்லை.