செல்லக்கிளி கணக்கில் பிடித்தம்

“என் பொண்டாட்டி காசுல கை வைக்க உங்களுக்கு யாருங்க உரிமை கொடுத்தா?”

பூவரசனின் குரல் கேட்டு, ஸ்ரீரங்கத்தின் அந்த வங்கிக் கிளையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். அவருக்குப் பின்னால் செல்லக்கிளி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றாள்.

“உக்காருங்க சார்,” என்றாள் கவுன்ட்டரில் இருந்த அதிகாரி சுபஸ்ரீ.

“உக்கார வரல. ஜவுளிக்கடையில நாள் பூரா நின்னுக்கிட்டே சேலை விரிச்சுப் போடுறா இவ. சம்பளம் ஏறுனா போதும், மாசாமாசம் நானூறு, ஐநூறுன்னு பிடிச்சுக்கிறீங்க. கேட்டா மினிமம் பேலன்ஸ் இல்லையாம். அதை வைக்க வக்கிருந்தா இவ ஏங்க அங்க நிக்கப் போறா?”

“அதானே,” என்றார் வரிசையில் ஒருவர். பூவரசனுக்கு உற்சாகம் ஏறியது.

“நம்ம ரங்கநாதர் உண்டியல்ல ஒத்தை ரூபா போட்டாக்கூட, ஏன்டா கம்மியா போட்டேன்னு அவரு அபராதம் கேக்குறதில்ல. பாவம், அவரு பாட்டுக்குப் படுத்திருக்காரு. நீங்க உக்காந்துக்கிட்டே உருவுறீங்க.”

காவலாளிகூடச் சிரித்துவிட்டார்.

உண்மையில் பூவரசனின் வயிறு எரிந்தது வேறு காரணத்துக்கு. செல்லக்கிளி சம்பளத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுப்பாள். வீட்டுச் செலவு போக மிஞ்சுவதுதான் அவருடைய முக்கொம்பு நிதி. ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு ஆற்றங்கரை, வறுத்த மீன், இன்ன பிற. இந்தப் பிடித்தம் தொடங்கியதிலிருந்து மீன் மட்டும்தான் கட்டுப்படியானது. இன்ன பிற வரவில்லை.

“இவளோட வேலை பாக்குற மலர்க்கொடிக்கும் இங்கதான் கணக்கு. அதே சம்பளம். ஏறுன அன்னைக்கே தொடைச்சு எடுத்துடுது அந்தப் பொண்ணு. அதுக்கு ஒரு பைசா பிடிக்கல. அது புருஷனே என்கிட்ட சொன்னான். இவ மட்டும் என்னங்க பாவம் பண்ணா?”

சுபஸ்ரீ கணக்கைத் திரையில் திறந்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். “சார், இதுல…” என்று நிமிர்ந்தவள், அவர் தோளுக்குப் பின்னால் தெரிந்த செல்லக்கிளியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

திரையைச் சற்றே தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“என்னம்மா, வாயடைச்சுப் போச்சா? பேங்க் எடுக்கலன்னா, பின்ன என் பொண்டாட்டியா எடுத்தா?”

“இல்ல சார். பேங்க்தான் பிடிச்சிருக்கு. ரூல்ஸ் அப்படி.”

“அப்படி வாங்க வழிக்கு. திருப்பிக் கொடுங்க.”

“பிடிச்சா பிடிச்சதுதான் சார். ஆனா நீங்க கேக்குறது நியாயம். பேங்க் சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்குறேன்.”

பூவரசன் மீசையைத் தடவிக்கொண்டார். காசு வராவிட்டாலும் ஒரு வங்கியே தன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறது. முக்கொம்பில் இதை வைத்தே ஒரு மாதம் ஓட்டலாம்.

“பாத்துக்க. கேக்குற விதத்துல கேக்கணும்,” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, வண்டியை எடுக்க வெளியே போனார்.

கதவு மூடும்வரை சுபஸ்ரீ காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, இது சம்பளக் கணக்கு. இதுக்கு மினிமம் பேலன்ஸே கிடையாது. நாங்க இதுவரைக்கும் ஒத்தை ரூபா பிடிச்சதில்ல.”

“தெரியும் மேடம்,” என்றாள் செல்லக்கிளி. “அடுத்த மாசம் தீபாவளி போனஸ் ஏறும். கொஞ்சம் கூடுதலா பிடிச்சுக்கங்க.”