ரைட் அவுட்

பொன்மலை ரயில்வே கால்பந்து டீமில் பன்னிரண்டு வருஷம், வலது ஓரத்தில் ஓடும் ரைட் அவுட்டாக ஆடிய கியாசுதீன், கடைசி மேட்ச் முடிந்து மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தார்.

"இனிமே பந்தாட்டம் கிடையாது, ஹாஜிரா. உனக்கு நிம்மதிதானே?" என்று, ஒருநாள்கூட மைதானத்துக்கு வராத மனைவியைக் கேட்டார்.

"ஏங்க முகத்தைத் தொங்கப்போட்டிருக்கீங்க?"

"கோல் அடிச்சவங்களைத்தான் எல்லாரும் பேசுறாங்க. ஓரமா ஓடி பந்தை எடுத்துக் கொடுத்தவனை யாரு நினைப்பா?"

"ஐம்பத்திரண்டுல மெட்ராஸ் டீமை ஜெயிச்சது, நீங்க மூணு பேரை ஏமாத்திக் கொடுத்த பந்துலதானே?"

கியாசுதீன் திகைத்தார். அவர்கள் நிக்காஹ் நடந்ததே ஐம்பத்து நான்கில்தான்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"மைதானத்துக்கு எதிர்ல, மாமா வீட்டு மாடியிலேருந்து பார்த்தேன். உங்கம்மாதான் பொண்ணு தேடினாங்கன்னு நினைச்சுட்டிருக்கீங்க. என்னைப் பெத்த அத்தாவைச் சம்பந்தம் பேச உங்க வீட்டுக்கு அனுப்பினதே நான்தான்!"